கூட்டணி வீட்டுப் பல்செட்

பல்செட் செய்யும் தன் லேப்பின் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு அவன் மோட்டாரைப் போட்டான். கர்ர்ரென்று சுழன்ற அதன் நுனியில் செட்டை இழைக்கும் மிளகு அளவு கல். இடது கையில் மாமனாரின் மேல்வரிசைப் பல்செட்.

மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டது. விழப்போகும் நேரத்தில் முழங்கையால் தடுத்து, ஸ்பீக்கரைத் தட்டினான்.

"முடிஞ்சுதா தம்பி?"

வட்டம். குடைக் கட்சியின் வட்டச் செயலாளர். பதவியைச் சுருக்கி அப்படிக் கூப்பிட்டார்களா, உருவத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்களா என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

"இன்னும் கை வைக்கலண்ணே."

"வெயில் இறங்கினா உன் மாமனார் கூட்டத்துல மைக்கைப் போட்டுருவாங்க. நீ இன்னும் பல்லைப் பார்த்துப் பேசிக்கிட்டு இருக்கே!"

"மோட்டார் ரிப்பேர்னு சொல்லிச் செட்டைக் குடுக்காம இழுத்தடிச்சிடட்டுமாண்ணே?"

"அடப்பாவி! மாமனார் பல்லை மாப்பிள்ளை பறிச்சு வச்சுக்கிட்டான்னு சாவிக் கட்சிக்காரன் தெருத் தெருவா போஸ்டர் ஒட்டிருவான். அது வேண்டாம். நீ சொன்னியே ஒண்ணு, பின் விளிம்பு... அதைச் செய். தானா விழுந்த மாதிரி இருக்கணும்."

நீ சொன்னியே! அந்த ஒரு சொல்தான் சுட்டது.

நேற்று கட்சி அலுவலகத்தில் டீ குடிக்கும்போது வட்டம் சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏம்ப்பா, பசைகூட இல்லாம அந்தச் செட்டு அவர் வாயில எப்படித்தான் நிக்குது?" தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவனுக்கு வாய் நிற்காது. செட்டின் பின் விளிம்பில், அண்ணத்தில் அழுந்தும் இடத்தில், மெல்லிய மேடு ஒன்று இருக்கும். காற்று உள்ளே புகாமல் காப்பது அதுதான். அது போய்விட்டால் சாதாரணமாகப் பேசும்வரை ஒன்றும் தெரியாது; வாயை அகலத் திறந்தால் செட் பொத்தென்று இறங்கிவிடும். இதையெல்லாம் கையை விரித்து மூடி ஒரு பாடமே நடத்திவிட்டான். வட்டம் டீயைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். அப்போதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

"அண்ணே, அவர் என்னை நம்பிக் குடுத்தது இது."

"நானும் உன்னை நம்பித்தான் இருக்கேன்." வட்டத்தின் குரல் தணிந்தது. "அம்மா நல்லா இருக்காங்களா?"

அந்தக் கேள்வி போதும்; அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்து அம்மா வெந்துபோன அன்று, முதலாளியின் கார் வாசலில் சும்மாதான் நின்றது. சீட் கெட்டுவிடும் என்றார்கள். அழுக்குத்துணி தள்ளும் வண்டியில் அம்மாவைக் கிடத்தி ஆஸ்பத்திரிவரை ஓடியவர் வட்டம். அப்போது அவர் இவ்வளவு வட்டம் இல்லை, ஓட முடிந்தது. பின்னாலேயே ஓடிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கொள்கையும் தெரியாது, கோட்பாடும் தெரியாது. முன்னால் ஓடியவரின் சட்டைப் பையில் குத்தியிருந்த குடைச் சின்னம் மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து அவன் குடை.

"செய்றேண்ணே" என்றான். போனை வைத்தான்.

* * *

அவன் மனைவி சாவிக் கட்சி ஆனதும் இதே மாதிரிதான்.

அவள் அப்பாவுக்கு ஊர் வைத்த பேர் முழக்கம். சாவிக் கட்சியின் மேடைப் பேச்சாளர். மைக் செத்தாலும் கூட்டம் கலையாது, அப்படிக் குரல். அவள் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு தேர்தல். மாலையில் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வாயெல்லாம் ரத்தம். முன்பல் நான்கைக் காணோம்.

"குடைக்காரன் கல்லெறிஞ்சுட்டாம்மா!"

அந்த ரத்த வாயைப் போட்டோ எடுத்துச் சுவர் சுவராக ஒட்டினார்கள். சாவி ஜெயித்தது. அவள் தன் கைப்பையில் ஒரு சாவிச் சின்னத்தைக் குத்திக்கொண்டாள். இன்றுவரை கழற்றவில்லை.

பல் கட்ட அப்பாவை அவள் அழைத்து வந்த இடம் இவனுடைய லேப். அளவெடுக்க உட்காரவைத்தபோது அவன் கவனித்தான்: கல் பட்ட வாய்தான், ஆனால் உதட்டில் ஒரு கீறல்கூட இல்லை. மனுஷனுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் யோசிக்க அவனுக்கு நேரமில்லை. மகள் பக்கத்திலேயே நின்றாள். இரண்டு மூன்று முறை வந்தால் முடிகிற வேலைக்கு மாதக்கணக்கில் வரச் சொன்னான். கோளாறு பல்லில் இல்லை என்பது அவளுக்கு முதலில் புரிந்தது; அப்பாவுக்குக் கடைசியில்.

கல்யாணத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். தெரு அந்த வீட்டுக்குக் 'கூட்டணி வீடு' என்று பேர் வைத்தது. பிரிட்ஜின் மேல்கதவில் குடை, கீழ்க்கதவில் சாவி. சாப்பாட்டு மேசையில் அரசியல் கிடையாது என்று ஒப்பந்தம். அவன் அவளைக் கூப்பிடுவதே 'சாவி' என்றுதான். அவளுக்கு அவன் 'குடைக்காரர்'. முன்பற்களைத் தொடர்ந்து மேல்வரிசை முழுக்கப் போனதும், மாமனாருக்கு முழு மேல்செட் செய்து மாட்டியவனும் அவன்தான்.

"குடைக்காரன் செஞ்ச பல்லை மாட்டிக்கிட்டுக் குடைக்காரனைத் திட்டுறதுல ஒரு தனி ருசி மாப்பிள்ளை" என்பார் முழக்கம்.

இடையில் சில வருஷங்கள் அவர் மேடை ஏறவில்லை. இந்தத் தேர்தலில், பிரச்சாரத்தின் கடைசி நாளான இன்றைக்காக, முன்கூட்டியே அவராகவே போய்க் கேட்டார். அன்னைக்கு நடந்த உண்மையை ஊருக்குச் சொல்லணும், எனக்கு ஒரு மேடை குடுங்க என்றார். சாவிக்காரர்களுக்குக் கசக்குமா? உடனே போஸ்டர்: 'கல்லெறிந்த கை எது? முழக்கம் இன்று உடைக்கிறார்!'

குடைக் கட்சியின் இன்றைய வேட்பாளர்தான் அந்தக் காலத்து இளைஞர் அணித் தலைவர். கிழவர் அந்தப் பேரைச் சொன்னால் போதும், கதை முடிந்தது.

காலையில் செட்டைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தவரும் அந்தக் கிழவர்தான். "இங்க, வலது பக்கம் ஓரமா குத்துது. கொஞ்சம் இழைச்சுக் குடு." மேல்பல் இல்லாத வாயிலிருந்து வந்தது வெறும் காற்றும் கொழகொழப்பும்தான். மகளுக்குப் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. நாள் முழுக்கப் பொக்கை வாய்களோடு பேசுகிற தொழில். அந்தப் பாஷை அவனுக்குத் தாய்மொழி மாதிரி.

"சாயங்காலம் நீ வரணும் மாப்பிள்ளை. முன்வரிசையில நில்லு. உன் பல்லுதான் இன்னைக்குப் பேசப்போகுது."

குத்திக் காட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டான்.

இப்போது மிளகளவு கல் பின் விளிம்பைத் தொட்டது. இளஞ்சிவப்புத் தூள் பறந்து மேசையில் படிந்தது. ஒரு மூச்சு நேர வேலை. அவன் கையால் செய்த செட்டுகளிலேயே இதுதான் நல்ல செட். அதை அழிக்கவும் கை நடுங்கவில்லை என்பதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. வலது ஓரத்தையும் மறக்காமல் இழைத்து, பளபளவென்று பாலிஷ் போட்டான். மேசையில் கிடந்த தூளை ஊதித் தள்ளினான்.

* * *

"குடைக்காரரே, எங்க தலைவர் பல்லு ரெடியா?" வாசலிலேயே சாவி பிடித்துக்கொண்டாள். செல்போன் ரிப்பேர்க் கடையை இன்று சீக்கிரமே மூடிவிட்டு வந்திருந்தாள். அப்பாவின் சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டிருந்தாள்.

"ரெடி."

"பார்த்து, உள்ளுக்குள்ள மைக் எதுவும் வச்சிருக்கப் போறீங்க."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று தெரியவில்லை.

முழக்கம் செட்டைத் தண்ணீரில் அலசி மாட்டினார். கட்டைவிரலால் அண்ணத்தை நோக்கி அழுத்தினார். நாக்கால் தடவினார். புருவம் லேசாகச் சுருங்கியது.

"குத்தல் போயிடுச்சு மாப்பிள்ளை. ஆனா பின்பக்கம் ஏதோ... பிடி கொஞ்சம் கம்மியா இருக்கிற மாதிரி இருக்கே?"

அவன் காது சூடானது. சாவி கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். இங்கேயே சொல்லிவிடலாம். லேப்புக்குத் திரும்பிப் போய், பின் விளிம்பில் புதிதாக வார்த்துச் சரிசெய்ய நேரம் இருக்கிறது. வாயைத் திறந்தான்.

"எச்சில் ஊறினதும் பிடிச்சுக்கும் மாமா."

"நீ சொன்னா சரிதான்" என்றார் அவர்.

மறுபடி நாக்கால் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

* * *

அப்பாவும் மகளும் ஆட்டோவில் போன பிறகு அவனால் உட்கார முடியவில்லை. பிரிட்ஜைத் திறந்தான், மூடினான். குடை, சாவி. குடை, சாவி. தெருக்கோடியில் ஒலிபெருக்கி 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்றது.

ஓட ஆரம்பித்தான்.

மருந்துக்கடையில் செட் ஒட்டும் பசை ஒரு ட்யூப் வாங்கினான். மீதியை வாங்க நிற்கவில்லை. பேச்சு முடியும்வரையாவது அது தாங்கும். கூட்டம் நடந்த சந்தியில் மஞ்சள் தொப்பி போட்ட சாவித் தொண்டர்கள் கயிறு கட்டி நின்றார்கள்.

"ஹலோ, குடைக்கு இங்க என்ன வேலை? மழையா பெய்யுது?"

"என் மாமனாரைப் பார்க்கணும்ப்பா, அவசரம்."

"மாமனாரை வீட்டுல பாரு. இங்க அவர் எங்க தலைவர்."

"தம்பி, ஒரு நிமிஷம் விடு, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"வேட்பாளர் பேரைச் சொல்லாதீங்கன்னு கால்ல விழ வந்திருப்பாரு, விடாதடா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். உண்மை அதைவிடக் கேவலமாக இருந்தது.

மேடைப் படியில் நின்ற சாவி அவனைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்துபோனது. "அவரை விடுங்கப்பா! எங்க வீட்டுக்காரர்!" என்று கையை ஆட்டிக்கொண்டே இறங்கி வந்தாள். கயிறு தூக்கப்பட்டது.

"வந்துட்டீங்களே! அப்பா காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு, மாப்பிள்ளை வருவானா, வருவானான்னு." அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "உங்க கட்சியை நார்நாராக் கிழிக்கப்போறாருன்னு தெரிஞ்சும் வந்தீங்க பாருங்க..." அப்போதுதான் அவன் மூடிய கையைப் பார்த்தாள். "அது என்ன?"

மேடையில் முழக்கம் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். வரவேற்புரை போய்க்கொண்டிருந்தது. கையை விரித்தால் போதும். "அப்பா செட்டுல இதைத் தடவிக் குடு" என்று ஒரு வரி. அவள் 'ஏன்' என்று கேட்பாள். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

"தலைவலி மருந்து" என்றான். ட்யூபைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சத்தம் அப்படி. முன்னாடி வந்து நில்லுங்க, வாங்க."

முன்வரிசையில் அவனை நிறுத்திவிட்டு அவள் மேடைக்கு ஓடினாள்.

* * *

முழக்கம் மைக்கைப் பிடித்ததும் சந்தி அடங்கியது.

"பெரியோர்களே." தாழ்ந்த குரல். செட் நின்றது. "கூப்பிட்டதுக்கு நன்றி. ரொம்ப நாளா இந்த நெஞ்சுல ஒரு கல்லு கெடக்கு."

கைதட்டல். விசில். செட் நின்றது. எச்சில் ஊறிப் பிடித்துக்கொண்டதோ? கடவுளே, பிடித்துக்கொள்ளட்டும். வேட்பாளர் பேரைச் சொல்லட்டும், கட்சி தோற்கட்டும், எனக்கென்ன என்றிருந்தது அவனுக்கு.

முழக்கத்தின் கண்கள் முன்வரிசையைத் தேடின. மாப்பிள்ளையைக் கண்டன. ஒரு தலையசைப்பு. பிறகு அந்தப் பழைய குரல், மைக்கே வேண்டாத குரல், அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"அன்னைக்கு நடந்தது..." வாய் அகலத் திறந்தது. "ஆனா என்னன்னா..."

டொக்!

மேல்செட் மைக்கின் தலையில் விழுந்து, மேடைப் பலகையில் குதித்தது. எட்டு ஒலிபெருக்கியும் அந்த 'டொக்'கைச் சொல்லின.

 பிறகு எங்கோ ஒரு 'க்ளுக்'. அடுத்த கணம் சந்தியே வெடித்துச் சிரித்தது. சிரித்தவர்கள் குடைக்காரர்கள் இல்லை. அங்கே குடைக்காரன் அவன் ஒருவன்தான். மஞ்சள் தொப்பிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டன. செல்போன்கள் உயர்ந்தன. "கல்லு இல்ல தலைவரே, பல்லு!" என்று ஒருவன் கத்தினான்.

முழக்கம் குனிந்து எடுக்கவில்லை. முகம் கருத்தது, ஆனால் மைக்கை விடவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டு பேசினார். கொழகொழவென்று காற்று மட்டும் வந்தது. கூட்டத்துக்கு அது ஒரு பச்சைப்பிள்ளையின் மழலை. இன்னும் சிரித்தது. அவர் விரலை உயர்த்தி, நெஞ்சைத் தட்டி, முன்வரிசையைக் காட்டிப் பேசினார். கடைசியில் இரண்டு கையையும் கூப்பினார்.

அத்தனை பேர் நின்ற இடத்தில் ஒவ்வொரு சொல்லும் புரிந்த காது ஒன்றே ஒன்று. அவனுடையது.  பக்கத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

யாரோ பாட்டைப் போட்டு மூடினார்கள். சாவி செட்டைப் பொறுக்கிக்கொண்டு அப்பாவை அணைத்து இறக்கினாள்.

பையில் போன் அதிர்ந்தது.

"பின்னிட்டே தம்பி! வீடியோ வந்துருச்சு, நம்ம ஆளுங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. அது சரி, கடைசியில கொழகொழன்னு என்னமோ சொன்னாரே, நம்ம வேட்பாளர் பேரா?"

"இல்லண்ணே."

"அப்புறம்?"

அவன் போனை அணைத்தான். அம்மாவை வண்டியில் தள்ளிக்கொண்டு ஓடிய மனுஷன்தான். அதே குரல்தான். கேட்க முடியவில்லை.

* * *

வீட்டில் முழக்கம் கூடத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். சாவி செட்டைக் கழுவித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நுணுக்கமான திருகாணிகளைத் தொட்டுப் பழகிய விரல்கள். அவை பின் விளிம்பை நோக்கி நகர்வதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

கிழவர் கையை நீட்டி அதை வாங்கினார். கட்டைவிரலால் பின் விளிம்பை ஒரு தடவு தடவினார். நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தேவலை. பிறகு மகளுக்குத் திருப்பித் தராமல், செட்டைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"குடுங்கப்பா, மாட்டிக்கிட்டுப் பேசுங்க." அவள் கையை நீட்டினாள். "யார் கல்லெறிஞ்சதுன்னு இப்பவாவது என்கிட்டயாவது சொல்லுங்க. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்."

அவர் தலையை ஆட்டினார். பொக்கை வாயாலேயே மெதுவாகப் பேசினார். மேடையில் பேசிய அதே வார்த்தைகள். முடித்துவிட்டு மாப்பிள்ளையைக் கைகாட்டினார். சொல்லு என்று.

"உங்களுக்குப் புரியுமே. என்ன சொல்றாரு?" சாவி அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம சொல்லுங்க."

 பையிலிருந்த ட்யூப் தொடையில் குத்தியது.

"கல்லு..." என்றான். "கல்லே இல்லையாம் சாவி. அன்னைக்கு யாரும் எறியலையாம். ரெண்டு மேசையைச் சேர்த்துப் போட்ட மேடையாம், நடுவுல சந்துல கால் மாட்டி, பேசத் திறந்த வாய் மைக் ஸ்டாண்டுல போய் மோதிச்சாம். பக்கத்துல இருந்தவன் கல்லுன்னு கத்தினானாம். இவர் இல்லைன்னு சொல்லலையாம். அப்புறம் நீ அழுததைப் பார்த்ததும் சொல்லவே முடியலையாம்."

 கைப்பையில் குத்தியிருந்த சாவியின் மேல் அவள் விரல் போய் நின்றது.

"கடைசியா கையைக் கூப்பினாரே, அது?"

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். அவன் தரையைப் பார்த்தபடி, அவருடைய வார்த்தைகளை அவர் சொன்ன மாதிரியே சொன்னான்:

"'என் வாய்க்குப் பல்லு வச்சவன் முன்வரிசையில நிக்கிறான். அவன் ஆளுங்க மேல பொய்யா பழி போட்டவன் நான். ஊரறிய அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் இன்னைக்கு மேடை ஏறினேன்.'"